நெட் விட்டு விட்டு வருதா? முதலில் மணியைக் குறித்து வையுங்கள்

லாரியில் லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து வாசலில் நிற்கிறார். இ-வே பில்லில் வண்டி நம்பரைப் போட்டு அனுப்பும் நேரத்தில் வைஃபை அறுந்துவிடுகிறது. மறுபடி இணைத்து உள்ளே போனால் திரும்ப லாகின், திரும்ப ஓடிபி. 2025 ஏப்ரல் 1 முதல் இந்த ஓடிபி எல்லா வியாபாரிகளுக்கும் கட்டாயமாகிவிட்டது. வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் இல்லாமல் வண்டி நகர முடியாது. தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு 1 லட்சம். எம். புதுப்பட்டி வட்டாரத்தில் இருந்து கிளம்பும் பட்டாசு லோடு எதுவும் இந்த வரம்புக்குள் அடங்குவதில்லை. ஆகவே நெட் போனால் லாரி நின்றுவிடும். அப்போது முதலாளி கேட்பது ஒரே கேள்விதான்: “நெட்டு ஏம்மா நிக்க மாட்டேங்குது?”

“தெரியலை அண்ணாச்சி, திடீர் திடீர்னு போகுது” என்று ஒருவர் பதில் சொல்கிறார். இன்னொருவர், “காலையிலேருந்து நாலு தடவை போச்சு அண்ணாச்சி. நாலு தடவையும் கரண்ட் கண் சிமிட்டின நேரம். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாத்திட்டா சரியாயிரும்” என்கிறார். இரண்டாமவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. போன நேரத்தைக் குறித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு அந்தப் பழக்கத்தைக் கைமாற்றவே இதை எழுதுகிறேன்.

லினக்ஸைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பழைய மெஷின்களை ஏற்றுக்கொள்வதில்லை. நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போட மனமில்லாதவர்கள் அதில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ ஏற்றிக்கொள்கிறார்கள். ஜிஎஸ்டி தளம், இ-வே பில், மெயில், வாட்ஸ்அப் வெப் எல்லாம் பிரவுசரில் நடப்பதால் இது சரியான முடிவுதான். நம் மாநிலத்துக்கு லினக்ஸ் புதிதும் இல்லை. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம். இப்போது திறந்து பார்க்கும் காலம் வந்திருக்கிறது.

கீழே வரும் கட்டளைகளின் பெயரைத் தமிழில் எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அறுந்தது வைஃபையா, லைனா?

“நெட் போச்சு” என்ற இரண்டு வார்த்தைக்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே வைஃபை அறுந்திருக்கலாம். ரவுட்டரே அணைந்து எழுந்திருக்கலாம். ரவுட்டர் வரை எல்லாம் சரியாக இருந்து, வெளியே போகும் ஃபைபர் லைன் போயிருக்கலாம். முதலாவது உங்கள் பொறுப்பு, இரண்டாவது எலக்ட்ரீஷியன் பொறுப்பு, மூன்றாவது நெட் கம்பெனியின் பொறுப்பு. இதைப் பிரிக்காமல் லினக்ஸை அழித்துப் புதிதாக ஏற்றுகிறவர்கள் ஒரு நாள் வேலையை வீணாக்குகிறார்கள். சாயங்காலம் அதே கோளாறு அதே இடத்தில் இருக்கும்.

பிரிக்க ஒரு வழி இருக்கிறது. செலவில்லாத வழி. டெர்மினலில் ‘ஐபி ரூட்’ என்று தட்டுங்கள். ‘டிஃபால்ட் வயா’ என்பதற்கு அடுத்து ஓர் எண் வரும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். அதுதான் உங்கள் ரவுட்டர். இப்போது இரண்டு டெர்மினல் ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒன்றில் ‘பிங்’ போட்டு ரவுட்டர் எண்ணையும், மற்றதில் ‘பிங்’ போட்டு 8.8.8.8 என்ற கூகுளின் எண்ணையும் கொடுங்கள். இரண்டும் நொடிக்கு ஒரு வரியாக ஓடிக்கொண்டிருக்கும். அப்படியே ஓரமாக ஓட விட்டுவிட்டு உங்கள் பில் வேலையைப் பாருங்கள்.

நெட் போனதும் அந்த ஜன்னல்களைப் பாருங்கள். ரவுட்டருக்கான வரி ஓடிக்கொண்டே இருந்து, 8.8.8.8 மட்டும் நின்றிருந்தால் உங்கள் கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை, லைன் போயிருக்கிறது. இரண்டும் நின்றிருந்தால் வைஃபை அல்லது ரவுட்டர். இரண்டும் ஓடுகிறது, பிரவுசரில் மட்டும் பக்கம் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. இன்னொன்றையும் கவனியுங்கள். ரவுட்டருக்கான வரியின் கடைசியில் வரும் நேரம் சாதாரணமாக 2, 3 மில்லி நொடியில் இருக்கும். அது அடிக்கடி 300, 400 என்று துள்ளினால் இணைப்பு இன்னும் அறுபடவில்லை, ஆனால் அறுபடப் போகிறது என்று அர்த்தம். சிக்னல் பலவீனம், காற்றில் நெரிசல், அல்லது மின்சார சேமிப்பு, இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

நம் பக்கத்தில் பலரையும் ஏமாற்றுவது கரண்ட். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, மேஜைக் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருக்கிறது. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சாதா சுவிட்ச் போர்டில் தொங்கும். கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் ஃபேன்கூட நிற்காது, லைட் ஒரு தரம் மங்கித் தெளியும். அந்த ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்து, திரும்ப எழுந்து, லைனைப் பிடித்து முடிக்க ஓரிரு நிமிடம் ஆகிவிடும். உங்கள் திரையில் எதுவும் அணையவில்லை, வைஃபை மட்டும் காணாமல் போயிருக்கிறது. பழி லினக்ஸ் மேல் விழுகிறது. ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் ‘அப்டைம்’ என்று ஒரு வரி இருக்கும். கடைசியாக எழுந்ததில் இருந்து எத்தனை நேரம் ஓடுகிறது என்று அது சொல்லும். காலை 9 மணிக்கு ஆபீஸ் திறந்திருக்கிறீர்கள், மதியம் 1 மணிக்குப் பார்த்தால் அப்டைம் 20 நிமிடம் என்று காட்டுகிறது என்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் என்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் விற்கிறது. அதை மாட்டுங்கள், அல்லது இன்வெர்ட்டர் லைனில் இருந்து ஒரு பாயிண்ட் இழுக்கச் சொல்லுங்கள்.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ வெளிச்சம் உங்கள் பெட்டி வரை வரவில்லை. எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. புகார் கொடுப்பதற்கு முன் அந்த விளக்கைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் நாலு கட்டம்

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து நாலு கட்டம் போடுங்கள். போன நேரம், வந்த நேரம், அப்போது ஆபீஸில் என்ன நடந்தது, தானாக வந்ததா நாமாக இணைத்தோமா. இதை ஒரு வாரம் விடாமல் எழுதினால் ‘திடீர் திடீர்’ என்று தோன்றியது ஓர் ஒழுங்குக்குள் வந்து நிற்கும்.

சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகிறதா? பல ரவுட்டர்கள் 3,600 நொடிக்கு ஒருமுறை வைஃபையின் பொதுச் சாவியை மாற்றுகின்றன. அந்த மாற்றத்தில் உங்கள் கார்டு தடுமாறுகிறது. ரவுட்டர் பக்கத்தில் ‘குரூப் கீ’ இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள், அல்லது பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 2, 3 இரண்டும் கலந்ததாக இருந்தால் டபிள்யூபிஏ 2 மட்டும் என்று வைத்துச் சோதியுங்கள். பழைய கார்டுகளுக்குக் கலப்பு முறை ஒத்துக்கொள்வதில்லை.

பதினொன்றரைக்குத் தொடங்கி நாலு மணி வரை மட்டும் போகிறதா? ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று தலையைத் தூக்கிப் பாருங்கள். தகர ஷீட்டுக்கு ஒரு முழம் கீழே, இரும்பு பீரோவின் தலையில், பழைய பில் கட்டுகளுக்கு நடுவே இருந்தால் கத்திரி வெயிலில் அது வெந்துகொண்டிருக்கிறது. சூடு ஏறினால் ரவுட்டர் தடுமாறும், சிலது தானாகவே அணைந்து எழும். இரும்பு வேறு சிக்னலை மறித்துத் திருப்பிவிடும். சுவரில் ஆள் உயரத்துக்கு, காற்றுப் படும் இடத்தில், பீரோவை விட்டு விலக்கி மாட்டுங்கள். இந்த ஒரு மாற்றத்தோடு கதை முடிந்துபோகிற ஆபீஸ்கள் உண்டு.

டிசைன் செய்கிற தம்பி பெட்டி லேபிள் மேட்டரை ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்து செருகும்போது போகிறதா? சந்தேகப்படுங்கள், தப்பில்லை. யூஎஸ்பி 3 கருவிகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகின்றன. இன்டெல் கம்பெனியே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. குட்டி யூஎஸ்பி வைஃபை டாங்கிளை ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்துத் துளையில் செருகியிருந்தால் பாதிப்பு இன்னும் கூடும். ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் ஒயரில் டாங்கிளைத் தள்ளி வையுங்கள். ப்ளூடூத் மவுஸும் ஹெட்செட்டும் இதே 2.4-இல்தான் ஓடுகின்றன.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு மெஷினைத் தொட்டதும் நெட் இல்லையா? சும்மா இருந்தபோது கார்டு தூங்கிவிட்டது. இதற்குத் தனியாக வருகிறேன். சார்ஜரைக் கழற்றியதும்தான் போகிறதா? அதுவும் அதே குடும்பம்.

லினக்ஸிடமே கேளுங்கள்

எனக்கு லினக்ஸின் மேல் பிரியம் வரக் காரணம் அது எதையும் மறைப்பதில்லை என்பதுதான். ‘வைஃபை துண்டிக்கப்பட்டது’ என்று ஒரு சின்னத்தைக் காட்டிவிட்டு அது வாயை மூடிக்கொள்வதில்லை. யார் துண்டித்தது, என்ன காரணம் என்று நொடி சுத்தமாக எழுதி வைக்கிறது. நோட்டில் நீங்கள் எழுதிய நேரத்துக்கு இப்போதுதான் முழு மதிப்பு வருகிறது. ‘ஜர்னல்சிடிஎல்’ என்ற கட்டளையோடு ‘சின்ஸ்’ என்று சேர்த்து அந்த நேரத்தைக் கொடுத்தால், அப்போது கம்ப்யூட்டருக்குள் நடந்தது முழுக்க வரிவரியாக வந்து நிற்கும். கெர்னல் சொல்வது மட்டும் போதும் என்றால் ‘கே’ என்ற எழுத்தைச் சேருங்கள். நடக்க நடக்கப் பார்க்க வேண்டுமென்றால் ‘எஃப்’.

அதில் தேட வேண்டிய வரிகள் சில. ‘டிஆத்தென்டிகேட்டிங்’ என்று தொடங்கி ‘பை லோக்கல் சாய்ஸ்’ என்று வந்தால் இணைப்பை விட்டது உங்கள் கம்ப்யூட்டர்தான். தூக்கம், மென்பொருள் முடிவு, வேறு ரவுட்டருக்குத் தாவியது என்று காரணம் நம் பக்கத்தில் இருக்கும். ‘டிஆத்தென்டிகேட்டட் ஃப்ரம்’ என்று வந்து பக்கத்தில் ரீசன் எண் இருந்தால் ரவுட்டர் உங்களை வெளியே அனுப்பியிருக்கிறது. ரீசன் 4 என்றால் ரொம்ப நேரம் உங்களிடமிருந்து சத்தமே இல்லை என்று அனுப்பிவிட்டது. ரீசன் 15 என்றால் சாவி பரிமாற்றம் குறித்த நேரத்துக்குள் முடியவில்லை, பாஸ்வேர்டையும் பாதுகாப்பு முறையையும் பாருங்கள். ‘கனெக்‌ஷன் டு ஏபி லாஸ்ட்’ என்றால் ரவுட்டரின் குரலே கேட்கவில்லை: தூரம், தடுப்பு, அல்லது ரவுட்டர் அணைந்தது. இன்டெல் கார்டில் ‘மைக்ரோகோட் எரர்’ என்று வந்தால் கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் விழுந்து எழுந்திருக்கிறது. ரியல்டெக் கார்டில் ‘ஃபெய்ல்ட் டு லீவ் எல்பிஎஸ்’ என்று வந்தால் கார்டு தூக்கத்தில் இருந்து எழ முடியாமல் தவித்திருக்கிறது.

இந்த வரிகளை நகல் எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். யாரிடம் உதவி கேட்டாலும் இதுதான் அவர்கள் முதலில் கேட்பது.

தூங்கும் கார்டை எழுப்பி வைப்பது

பழைய லேப்டாப்பில் வைஃபை விட்டு விட்டு வந்தால் நான் முதலில் கை வைக்கும் இடம் மின்சார சேமிப்பு. பேட்டரியை மிச்சப்படுத்த, வேலை இல்லாத கணங்களில் கார்டு கண்ணை மூடிக்கொள்ளும். ரவுட்டர் இடையிடையே கூப்பிடும்போது விழித்து, எனக்கு ஏதாவது வந்ததா என்று கேட்க வேண்டும். சில கார்டுகளின் டிரைவர் மென்பொருள் இந்த விழிப்பைச் சரியாகச் செய்வதில்லை. ரவுட்டர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துப் பெயரை அடித்துவிடும்.

‘ஐடபிள்யூ டெவ்’ என்று தட்டினால் உங்கள் வைஃபை கருவியின் பெயர் தெரியும். பெரும்பாலும் ‘டபிள்யூஎல்’ என்ற எழுத்துகளில் தொடங்கும். அதே கட்டளையோடு அந்தப் பெயரையும் ‘கெட் பவர் அண்டர்ஸ்கோர் சேவ்’ என்பதையும் சேர்த்தால் சேமிப்பு ஆன் ஆ ஆஃப் ஆ என்று சொல்லும். ‘கெட்’ இருந்த இடத்தில் ‘செட்’ போட்டு, கடைசியில் ‘ஆஃப்’ சேர்த்து, முன்னால் ‘சூடோ’ போட்டுத் தட்டினால் அணைந்துவிடும். இது தற்காலிகம்தான், மெஷினை மறுபடி போட்டால் பழையபடி ஆகிவிடும். அது நல்லதுதான். அரை நாள் இப்படி ஓட்டிப் பாருங்கள், நோட்டில் கோடு விழவில்லை என்றால் நிரந்தரமாக்குங்கள்.

நிரந்தரமாக்க நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புறையில், ‘கான்ஃப் டாட் டி’ என்பதற்குள், ‘வைஃபை டாட் பவர்சேவ்’ என்ற ஒரு வரி வேண்டும். உபுண்டுவில் அந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கும், அதில் 3 என்று இருக்கும். 3 என்றால் சேமிப்பு உண்டு. அதை 2 என்று மாற்றிச் சேமித்து, நெட்வொர்க்மேனேஜரை மறுபடி தொடங்கினால் முடிந்தது. இது ஒரே ஒரு எண் என்பதால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. மாற்றிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். சார்ஜரைக் கழற்றும்போது மட்டும் போகிறது என்றால் டிஎல்பி என்ற பேட்டரி மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது வைஃபை சேமிப்பை ஆன் செய்கிற வரி அதற்குள்ளும் ஒன்று இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் தகும். மூன்று மாற்றங்களைச் சேர்த்துச் செய்து நெட் சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் பக்கத்து மேஜை மெஷினுக்கு அதே வியாதி வரும்போது கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

கார்டும் கெர்னலும்

‘எல்எஸ்பிசிஐ’ என்று தட்டினால் உள்ளே இருக்கும் வைஃபை கார்டின் பெயர் வரும். டாங்கிள் என்றால் ‘எல்எஸ்யூஎஸ்பி’. எந்தக் கார்டு என்று தெரியாமல் வைத்தியம் பார்க்காதீர்கள்.

ரியல்டெக்கின் 8723 பிஇ என்ற கார்டு பழைய லேப்டாப் பலவற்றில் இருக்கிறது. இரண்டு ஆன்டெனா போடும் வசதியுள்ள கார்டில் கம்பெனி ஒன்றை மட்டும் மாட்டியிருக்கும், டிரைவர் மென்பொருள் மாட்டாத முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தாலும் சிக்னல் ஒற்றைக் கோட்டில் ஊசலாடும். ‘ஏஎன்டி செல்’ என்ற அமைப்பை 1 அல்லது 2 என்று மாற்றினால் அதே கார்டு முழுப் பலத்தோடு பேச ஆரம்பிக்கும். கார்டே கெட்டுவிட்டது என்று புதிது வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்று நோட்டு சொன்னால், மெஷினைத் தொடங்கும்போது கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஒரு நாள் ஓட்டுங்கள். பழையதில் நன்றாக ஓடினால் குற்றவாளி தெரிந்துவிட்டது. அடுத்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே இருங்கள். புது லேப்டாப்பில் நிலைமை தலைகீழ். அங்கே புதுக் கெர்னலும் புது ‘லினக்ஸ் ஃபர்ம்வேர்’ தொகுப்பும் தேவைப்படும்.

காற்றில் நெரிசல்

2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. ஆனால் ஒன்றோடொன்று இடிக்காதவை 1, 6, 11 மட்டும். ‘என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை’ என்று தட்டினால் சுற்றியுள்ள ரவுட்டர்களும் அவை எந்தச் சேனலில் இருக்கின்றன என்பதும் பட்டியலாக வரும். கடைத்தெரு ஆபீஸ் என்றால் ஆறேழு ரவுட்டர்கள் ஒரே சேனலில் முட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்ப்பீர்கள். ஆளில்லாத சேனலுக்கு உங்கள் ரவுட்டரை மாற்றுங்கள். ‘ஆட்டோ’ வேண்டாம், ஓர் எண்ணைக் கொடுத்துப் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் ரவுட்டர் 12-க்கோ 13-க்கோ போய் உட்காரலாம். கம்ப்யூட்டரில் நாடு இந்தியா என்று அமையாமல் இருந்தால் சில கார்டுகள் அந்த இரண்டு சேனலையும் சரியாகத் தேடாது.

ரவுட்டரும் மேஜையும் ஒரே அறையில் என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுங்கள், நெரிசல் குறைவு. சுவரைத் தாண்டினால் அதன் பலம் சட்டென்று இறங்கும். அதிலும் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே சேனலை மாற்றியாக வேண்டும், அந்த நேரத்தில் எல்லோருக்கும் நெட் போகும். 36 முதல் 48 வரை அந்தத் தொல்லை இல்லை.

சிக்னல் பலத்தை எண்ணில் பேசப் பழகுங்கள். ‘ஐடபிள்யூ’ கட்டளையில் கருவியின் பெயரோடு ‘லிங்க்’ என்று சேர்த்தால் மைனஸ் எண் ஒன்று வரும். மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வேலைக்கு உதவும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, ரவுட்டரையோ மேஜையையோ நகர்த்தித்தான் ஆக வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ரவுட்டர்கள் வைத்திருந்தால் கம்ப்யூட்டர் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கலாம். நெட்வொர்க் அமைப்பில் ‘பிஎஸ்எஸ்ஐடி’ என்ற கட்டத்தில் பக்கத்து ரவுட்டரின் முகவரியைக் கொடுத்துவிட்டால் தாவல் நிற்கும்.

இந்த இடத்தில் எம். புதுப்பட்டிக்காரர்களுக்கென்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “சிக்னல் பத்தலை, குடோன் பக்கம் ஒரு ரிப்பீட்டர் மாட்டிரலாமா?” என்று யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஆபீஸ் கட்டடத்துக்குள் எத்தனை ரவுட்டர் வேண்டுமானாலும் வைக்கலாம். மருந்துக் கலவை அறை, மணி மருந்து காயும் மேடை, செட், மேகசின் இருக்கும் பக்கம் அனுமதி இல்லாத எந்த மின்கருவியும் ஓர் அடிகூட நகரக் கூடாது. ரிப்பீட்டர் என்பது பிளக் பாயிண்ட், அடாப்டர், தளர்ந்த ஒயர், பொறி. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி உரிமம் தரும் பெசோ அமைப்பு ஒப்புக்கொண்ட வரைபடத்தில் இல்லாத எதையும் ஆபீஸ் ஆபரேட்டர் தன் வசதிக்காகச் சேர்க்க முடியாது. போர்மேனிடம் கேட்காமல் ஒயர் இழுக்காதீர்கள், கேட்டு அவர் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்தில் நடந்த பட்டாசு வெடி விபத்து இந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கும் மறக்கவில்லை. ஸ்டாக் கணக்கு உள்ளே இருந்து வர வேண்டுமானால் சீட்டில் எழுதி வரட்டும். நீங்கள் ஆபீஸில் உட்கார்ந்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

முதலாளியிடமும் நெட் கம்பெனியிடமும் எப்படிப் பேசுவது

நெட் கம்பெனிக்குப் போன் போட்டு “சரியா வரலை” என்றால், “ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்ற பதிலோடு புகார் மூடப்படும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “இன்னிக்கு 10.42-க்கும் 12.15-க்கும் போச்சு. ரவுட்டர் வரைக்கும் பிங் ஓடுது, 8.8.8.8-க்கு ஓடலை. எல்ஓஎஸ் சிவப்பு எரிஞ்சுது, போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். ரவுட்டர் அப்டைம் மூணு நாள், அதனால கரண்ட் பிரச்சினை இல்லை.” இதற்குப் பிறகு உங்களிடம் யாரும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்ல முடியாது. லைன்மேன் வருவார். வரும்போது கேபிள் ஒட்டும் கருவியோடு வருவார்.

முதலாளிக்கு ரீசன் எண், சேனல் எதுவும் வேண்டாம். என்ன கோளாறு, என்ன செலவு, எப்போது சரியாகும், அதுவரை பில்லுக்கு என்ன வழி. நாலு வரி போதும். அதுவரைக்கான வழியை எப்போதும் கையில் வைத்திருங்கள். போனை யூஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து ‘டெதரிங்’ போட்டால் லினக்ஸ் தானாகவே பிடித்துக்கொள்ளும், வைஃபையே தேவையில்லை. இதை அமைதியான ஒரு நாளில் ஒருமுறை செய்து பழகிவிடுங்கள். லாரி நிற்கும்போது கற்றுக்கொள்ள முடியாது.

இந்த வேலையை ஊன்றிச் செய்தவருக்கு நெட்வொர்க் வேலையின் அடிப்படை கைக்கு வந்துவிடுகிறது. பெரிய ஊர்களில் நெட்வொர்க் உதவி மேஜைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் நாள் முழுக்கச் செய்வதும் இதுதான்: எங்கே அறுந்தது என்று பிரிப்பது, பதிவைப் படிப்பது, ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பது, எழுதி வைப்பது. நேர்முகத் தேர்வில் “லினக்ஸ் தெரியும்” என்று சொல்வதைவிட, “எங்க ஆபீஸ்ல வைஃபை விட்டு விட்டு வந்தது, இப்படிப் பிரிச்சேன், இது காரணம், இப்படிச் சரி செஞ்சேன்” என்று நோட்டை வைத்துச் சொல்லுங்கள். மேலே போக ஆசை இருந்தால் ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு இருக்கிறது. அதில் சரியான விடையை டிக் அடிக்கும் வேலை இல்லை, ஓடுகிற மெஷினில் செய்து காட்ட வேண்டும். டெர்மினலில் கை பழகியவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது.

கடைசியாக, பில் போடும் மெஷினுக்கு வைஃபையே வேண்டுமா என்று கேளுங்கள். லேப்டாப் நகரும், போன் நகரும். இ-வே பில் எடுக்கும் மேஜை வருஷம் முழுக்க ஒரே மூலையில் இருக்கிறது. ரவுட்டரில் இருந்து அதற்கு ஒரு கேட் 6 கேபிள் இழுத்துவிட்டால் மேலே சொன்ன பாதி வைத்தியம் தேவைப்படாது. ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். ஈபி ஒயரோடு ஒரே பைப்பில் போடாமல் தனிப் பைப்பில் கொண்டுபோங்கள். ஆபீஸில் இருந்து இன்னொரு கட்டடத்துக்குத் திறந்தவெளியில் போக வேண்டும் என்றால், முதலில் போர்மேன் அனுமதி, பிறகு செம்புக் கேபிளுக்குப் பதில் ஃபைபர். ஐப்பசி மழையில் இடி விழுந்தால் செம்பு வழியாக இரண்டு பக்கத்துப் பெட்டிகளும் போய்விடும். ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டுப் புது விலைப்பட்டியல் வந்துவிட்டால் எலக்ட்ரீஷியனுக்கு நின்று பேச நேரம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது. ஆனி மாதத்திலேயே ஆளைக் கூப்பிட்டு அளந்துவிடச் சொல்லுங்கள்.